ஏழு மணி மீட்டிங்குக்கு ஏழு மணிக்கே வந்தவர்: ரோட்டரி மாதிரி சேவை கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸாப்பில் வந்த அழைப்பிதழில் மாலை 7.00 மணி என்று போட்டிருக்கும். அதை நம்பி 6.55-க்கே வந்து நிற்பவர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் போன மாதம் சேர்ந்த புது உறுப்பினராகத்தான் இருப்பார். ஹோட்டல் பையன் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பான், மைக் செட்காரர் ‘ஹலோ ஹலோ’ சொல்லிக்கொண்டிருப்பார், இவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். 7.20-க்கு செக்ரட்டரி, 7.40-க்குத் தலைவர், 7.55-க்கு மீட்டிங் தொடங்க மணி அடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கிளப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், அது நமக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும். கேட்டால் ‘கடையில வேலை ஜாஸ்தி சார்’ என்பார். நாமும் நம்பிவிடுவோம்.

டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர் ரோட்டரி கிளப்பில் ஒரு வருஷம் செக்ரட்டரியாகவும் மற்ற வருஷங்களில் ஏதாவது ஒரு பொறுப்பிலும் இருந்தவன் நான். கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி நாங்களே செய்தவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது: மீட்டிங்கை மேடையில் இருப்பவர்களுக்காக நடத்துகிறோம், எதிரே நாற்காலியில் இருப்பவர்களுக்காக நடத்துவதில்லை.

முதலில் நேரம். ‘இன்னும் நாலு பேர் வரட்டும்’ என்று காத்திருப்பது, சீக்கிரம் வந்தவருக்குத் தண்டனை, தாமதமாக வருபவருக்குப் பரிசு. நாங்கள் ஒரு ஜூலை மாதம் 7.15 ஆனால் இருப்பவர்களை வைத்து மணி அடிப்பது என்று முடிவு செய்தோம். முதல் வாரம் ஐந்து பேர்தான். ஒரு முன்னாள் தலைவர் 8 மணிக்கு வந்து, பாதி மீட்டிங் முடிந்திருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார். அடுத்த மாதம் அதே மனிதர் 7.10-க்கு உட்கார்ந்திருந்தார். இதில் ஒரு விஷயம் முக்கியம், தாமதமாக வந்தவருக்காக நடந்ததைத் திரும்பச் சொல்லக்கூடாது, சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சிறப்பு விருந்தினர் வர நேரமானாலும் அப்படித்தான், கிளப் வேலைகளை அதற்குள் முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மேடை. இது பெரிய நோய். தலைவர், செக்ரட்டரி, விருந்தினர், உதவி கவர்னர், முன்னாள் கவர்னர் யாராவது (பல கிளப்புகள் சேர்ந்த ரோட்டரி மாவட்டத்தின் தலைவரைத்தான் கவர்னர் என்போம்), அவர் கூட வந்தவர், இப்படி எட்டு நாற்காலி. பேச எழும் ஒவ்வொருவரும் ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கி எட்டு பேரையும் பட்டத்தோடு கூப்பிட்டு முடிக்க இரண்டு நிமிஷம். எட்டு பேர் பேசினால் பெயர் சொல்லவே பதினாறு நிமிஷம் போச்சு. அதன் மேல் சால்வை, நினைவுப் பரிசு, அதற்கு ஒவ்வொரு முறையும் போட்டோவுக்காக அசையாமல் நிற்பது. கடைசியில் 9 மணிக்கு, பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசனை வரும்போது, பேச அழைத்த மனிதரிடம் ‘நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக’ என்று சீட்டு நீட்டுகிறோம். ஒருமுறை மண்ணியல் படித்த ஒருவரை அறுபது கிலோமீட்டர் வரவழைத்து, எங்கள் பகுதி நிலத்தடி நீர் பற்றிப் பேசச் சொல்லி, எட்டு நிமிஷத்தில் அனுப்பி வைத்தோம். இன்றைக்கும் அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இதற்கு மருந்து சுலபம். மேடையில் இருப்பவர்களை வரவேற்புரை சொல்பவர் ஒருவர் மட்டும் பெயர் சொல்லி அழைக்கட்டும், மற்றவர்கள் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கட்டும். செக்ரட்டரி அறிவிப்புகளில் பாதி வாட்ஸாப்பில் போடவேண்டியவை. விருந்தினர் பேச்சு முதலில், இருபது நிமிஷம் பேச்சு, பத்து நிமிஷம் கேள்வி. கேள்விக்கு நேரம் விடாத பேச்சுக்குப் பேசாமல் யூடியூப் லிங்க் அனுப்பிவிடலாம்.

இந்த ரோட்டரி இயக்கம் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் நம் மேடைப் பழக்கம் எவ்வளவு வேடிக்கை என்று புரியும். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வக்கீல், சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வியாபாரி, ஹைரம் ஷோரி தையல்காரர், அறைக்குச் சொந்தக்காரரான கஸ்டாவஸ் லோயர் சுரங்க என்ஜினியர். சின்ன ஊரில் வளர்ந்து பெரிய நகரத்துக்கு வந்த வக்கீலுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயரே வந்தது. கொஞ்ச நாளில் ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் வந்து சேர்ந்து எல்லாரையும் பாடவே வைத்துவிட்டார். மேடை கிடையாது, சால்வை கிடையாது.

அந்தப் பழைய பழக்கத்தை விட்டதும் ஒரு தவறுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஓர் உறுப்பினரின் தொழில் நடக்கும் இடத்தில் மீட்டிங் வையுங்கள். எங்கள் கிளப்பில் ஒரு ரைஸ்மில்காரர், பத்து வருஷமாக உறுப்பினர், பேசவே மாட்டார், எல்லாருக்கும் அவர் ‘மில்காரர்’, அவ்வளவுதான். ஒரு வாரம் அவர் மில்லிலேயே கூடினோம். நெல் வேகவைப்பதிலிருந்து, கருப்பு அரிசியைக் காற்றடித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின் வரை சுற்றிக் காட்டினார். பல் டாக்டரும் ஆடிட்டரும் குழந்தைகள் மாதிரி கேள்வி கேட்டார்கள். எங்கள் ஊரில் அரிசி விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று எனக்கு அன்றுதான் உருப்படியாகப் புரிந்தது. ஆனால் இதையே பொருள் விற்கும் மேடையாக மாற்றுபவர்களும் உண்டு. இன்னொரு முறை இன்னொருவர் ஷோரூமில் கூடி, ஆளுக்கொரு தள்ளுபடி கூப்பனோடு வீட்டுக்கு வந்தோம். அது மீட்டிங் இல்லை.

மொழியையும் சொல்லவேண்டும். நாள் பூராவும் தமிழில் வியாபாரம் செய்யும் முப்பது பேர், மணி அடித்ததும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். கல்கத்தாவில் 1919-இலும் மெட்ராஸில் 1929-இலும், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் கிளப் தொடங்கியபோது வந்த வழக்கம் இது, நம் ஊரில் இன்னும் ஏன் என்றுதான் தெரியவில்லை. எங்களிடம் போர்வெல் போடும் ஒருவர் இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. ‘தமிழ்லயே பேசுங்கண்ணே’ என்று தலைவர் ஒருநாள் சொன்னதும் நாற்பது நிமிஷம் பேசினார், யாரும் எழுந்திருக்கவில்லை. மீட்டிங்கில் நாம் சொல்லும் ரோட்டரியின் நான்கு கேள்விகள், அதாவது நான்கு வழிச் சோதனை, அதையும் தமிழில் சொல்லிப் பாருங்கள்: நாம் நினைப்பது, சொல்வது, செய்வது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லாருக்கும் நன்மை தருமா? மந்திரம் மாதிரி முணுமுணுத்தது திடீரென்று கேள்வியாகக் கேட்கும். 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பாத்திரக் கம்பெனியைக் கரையேற்றும்போது எழுதிய கேள்விகள் அவை, ரோட்டரி ஏற்றுக்கொண்டது 1943-இல்.

சரி, ஃபெலோஷிப்புக்கு வருவோம். ‘இன்னைக்கு ஃபெலோஷிப் உண்டா?’ என்று கேட்டால் நம் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான், எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்றும் உத்தமன் இல்லை, ஆனால் வாராவாரம் அது ஓடுகிற கிளப்பில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். குடிக்காதவர்கள் சாப்பிட்டதும் கிளம்புவார்கள், கிளப்பின் உண்மையான முடிவுகள் அதற்கப்புறம் பின் அறையில் எடுக்கப்படும், பெண் உறுப்பினர்கள் மெல்ல மெல்ல வராமல் போவார்கள். பெண்களைச் சேர்ப்பது பற்றிய வழக்கில் 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்று, 1989-இல்தான் ரோட்டரி பெண்களுக்கு முழுசாகக் கதவைத் திறந்தது. கதவைத் திறந்த பிறகும் பன்னீர் தெளிக்கவும் குத்துவிளக்கேற்றவும் தொகுத்து வழங்கவும் மட்டும் கூப்பிட்டால் அவர்கள் எதற்கு வரவேண்டும்? உறுப்பினரின் மனைவியை ‘ஆன்’ என்று கூப்பிடும் பழக்கத்தையும் விடலாம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் அதே ஆறு பேர் அதே மூலையில் உட்காருவது இன்னொன்று. வாசலில் டோக்கன் கொடுத்து நம்பர்படி உட்கார வையுங்கள், முதல் வாரம் முனகுவார்கள், பரவாயில்லை. இன்னொரு சின்ன விஷயம், வாட்ஸாப்பில் கட்டை விரல் காட்டியதை வருகிறேன் என்று கணக்கில் எடுக்காதீர்கள். நாற்பது இலை சொல்லி இருபத்திரண்டு பேர் சாப்பிட்டு, மிச்சத்தை ராத்திரி பத்தரை மணிக்கு ஆட்டோவில் ஏற்றி முதியோர் இல்லத்தை எழுப்பியிருக்கிறேன், அவர்கள் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள்.

வாராவாரம் கூடுவது கஷ்டம் என்று மாதம் இரண்டாகக் குறைத்தவர்கள் பலர். 2016-இல் விதியைத் தளர்த்தினார்கள், மாதம் குறைந்தது இரண்டு முறை கூடினால் போதும். நல்லதுதான். ஆனால் முதல், மூன்றாம் செவ்வாய் என்று நாங்கள் மாற்றியபோது இது எந்தச் செவ்வாய் என்றே பாதிப் பேருக்கு நினைவில் நிற்கவில்லை. குறைப்பதாக இருந்தால் நடுவில் வரும் வாரங்களில் ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் சும்மா கூடுங்கள், மைக் இல்லாமல். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இனி வேலைகள். இங்கே பெரிய தவறு போட்டோவுக்காக நடத்தும் முகாம். நோட்டுப் புத்தகத்துக்கு ஆன செலவைவிட ஃபிளெக்ஸுக்கு அதிகம் ஆன நிகழ்ச்சிகளை நானே நடத்தியிருக்கிறேன். ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்துக் கல்வெட்டும் வைத்தோம், தண்ணீர் இணைப்பு யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை, ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. சிகாகோ கிளப் முதல் முதலில் எடுத்த ஊர் வேலையும் கழிப்பறைதான், 1907-இல், நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று. கட்டுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்டால் போதாது, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடமும் கேளுங்கள்.

ரத்ததான முகாமில் தேதி பார்ப்பதில்லை. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நாலு மாதம் இடைவெளி வேண்டும். அதே கல்லூரியில் ஒன்றரை மாதம் முன்னால் வேறு கிளப் முகாம் போட்டிருந்தால் உங்களுக்கு யார் வருவார்கள்? உரிமம் உள்ள ரத்த வங்கியோடு மட்டும் செய்யுங்கள், எத்தனை யூனிட் அவர்களால் வைத்துக்கொள்ள முடியும் என்று முதலிலேயே கேளுங்கள். கண் சிகிச்சை முகாமில் ஆபரேஷனை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். ஊர் ஊராகச் சொல்வது, இடம், சாப்பாடு இதெல்லாம் கிளப் வேலை, இதைப் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறோம். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டி மறுபரிசோதனைக்குப் போனாரா என்று பார்ப்பதைத்தான் விட்டுவிடுகிறோம், அதில் போட்டோ கிடையாது பாருங்கள்.

இதைவிடப் பெரிய வியாதி ஜூலை 1, கிளப் வருஷம் தொடங்கித் தலைவர் மாறும் நாள். புதுத் தலைவர் வந்ததும் போன வருஷத் திட்டம் அனாதை ஆகிவிடும், ‘அது அவரோட புராஜெக்ட்’. ரோட்டரி போலியோவைக் கையில் எடுத்தது 1985-இல், இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில். இருபத்தைந்து தலைவர்களுக்கு மேல் மாறிவிட்டார்கள், திட்டம் மாறவில்லை. நம் ஊர் மரக்கன்றுகளுக்கு இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தலைவராக வரப்போகிறவரை ஜனவரியிலிருந்தே திட்டத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

பணத்தில் இரண்டு மட்டும். எல்லாச் செலவையும் தலைவர் தன் பையிலிருந்து போட்டால் அந்த வருஷம் ஜோராக இருக்கும், அடுத்த வருஷம் தலைவராக ஒருவரும் முன்வர மாட்டார்கள். இரண்டாவது, ஜூலை 1, ஜனவரி 1 தேதிகளில் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் தலைமையகம் பில் போடும். விலகியவர் பெயரை அதற்குள் எடுக்காவிட்டால் வராத மனிதருக்குக் கிளப் சந்தா கட்டும். இரண்டு தடவை கட்டியிருக்கிறோம்.

வராமல் போகிறவர்கள் விஷயத்தில் நான் செய்த தவறு எல்லாவற்றையும்விட மோசம். செக்ரட்டரியாக இருந்த வருஷம், நாலு மாதம் வராமல் இருந்த ஒருவருக்கு ஒருநாள் போன் செய்தேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது அவருக்கு, கிளப்பில் யாருக்கும் தெரியாது. நான் பெயர் சொன்னதுமே அவர் கேட்டார், “பாக்கி எவ்வளவு சார்?”