பழைய ஃபிளெமிஷ் பனிக்கால ஓவியம்: வாங்குவோரும் வைத்திருப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனை அறிவிப்பில் ‘ஃபிளெமிஷ் மேதைகளின் பாணியில்’ (அதாவது, இன்றைய பெல்ஜியப் பகுதியின் பழைய ஓவியர்களின் பாணியில்) என்ற தொடரைக் கண்டதும், அந்தப் பனிக்கால நிலக்காட்சி 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் வரையப்பட்டது என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஏல நிறுவனங்கள் இந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே அச்சிடுகின்றன. ஓவியரின் முழுப்பெயர் மட்டும் இருந்தால், அது அவர் கைப்பட வரைந்தது என்பது அந்நிறுவனத்தின் கருத்து. ‘பட்டறை’ என்றால் அவருடைய பட்டறையில் உருவானது. ‘வட்டம்’ என்றால் அவர் காலத்தையொட்டி அவருடைய தாக்கத்தில் வரைந்த வேறொருவருடையது. ‘பாணி’ என்றாலோ பெரும்பாலும் பிற்காலத்தது. 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்பும் இத்தகைய பனிக்காட்சிகள் ஏராளமாக வரையப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஏலப் பட்டியலில் இருக்கும் சொல்விளக்கத்தைப் படித்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

நகல் என்று தெரிந்தவுடன் ஓவியத்தை ஒதுக்கிவிடுவது இதற்கு நேரெதிரான தவறு. என் கணிப்பில் அதைவிடப் பெரிய இழப்பும் அதுவே. 16-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த பறவைப் பொறி ஓவியம் பிரஸ்ஸல்ஸ் நகரின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உறைந்த ஆற்றின்மீது ஊரார் சறுக்கி விளையாடுகிறார்கள். கரையில் ஒரு பழைய பலகைக் கதவு குச்சியால் முட்டுக்கொடுத்துப் பொறியாக நிறுத்தப்பட்டிருக்க, பறவைகள் அதைச் சுற்றி இரை தேடுகின்றன. இந்த ஒரே காட்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நகல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றை வரைந்தவர்கள் அவருடைய மகன் இளைய பீட்டர் புரூகலும் (1564–1638) அவர் பட்டறையினரும். தந்தை 1569-இல் இறந்தபோது சிறுவனாக இருந்த மகன், பின்னாளில் தந்தையின் காட்சிகளை மீண்டும் மீண்டும் வரைந்தே பிழைப்பு நடத்தினார். அக்காலத்து ஆண்ட்வெர்ப்பில் நகலெடுப்பது வெளிப்படையான, மதிப்புள்ள தொழில். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நகலா என்பதைவிட, எப்போது எடுக்கப்பட்ட நகல் என்பதே.

அந்தக் கேள்விக்குக் கையொப்பத்தில் மட்டும் விடை தேடக் கூடாது. கையொப்பம் பிற்காலத்தில் எவராலும் சேர்க்கக்கூடிய ஒன்று. இருந்தாலும் அது பயனற்றதன்று: தந்தை 1559-லிருந்து தம் பெயரில் (Brueghel) ‘எச்’ எழுத்தை விட்டுவிட்டே ஒப்பமிட்டார்; மகன் அதைச் சேர்த்து எழுதியதோடு, 1616-ஐ ஒட்டி ‘யு’, ‘ஈ’ என்ற இரண்டு எழுத்துகளின் வரிசையையும் மாற்றிக்கொண்டார். படத்தில் குறித்த ஆண்டும் இந்த எழுத்துவரிசையும் ஒத்துப்போகவில்லையென்றால் ஐயம் கொள்ள இடமுண்டு.

படத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவது மன்னிக்க முடியாத அவசரம். அக்கால ஃபிளெமிஷ் ஓவியர்கள் பெரும்பாலும் ஓக் மரப் பலகையில், சுண்ணமும் விலங்குப் பசையும் கலந்த அடித்தளத்தின்மேல் வரைந்தார்கள். ஆண்ட்வெர்ப் பலகைகளின் பின்புறத்தில் கோட்டையும் இரண்டு கைகளும் கொண்ட நகர முத்திரை சூட்டுக்குறியாக இருக்கலாம். பலகை செய்பவர்கள் தத்தம் தனிக்குறியையும் பதிக்க வேண்டும் என்று 1617-இல் விதி வந்தது. முத்திரை இல்லையென்பதாலேயே போலி என்று தீர்ப்பளிப்பதும் தவறுதான், ஏனெனில் 19-ஆம் நூற்றாண்டில் பல பலகைகளின் பின்புறத்தை இழைத்து மெலிதாக்கி, மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியபோது அக்குறிகள் அழிந்துபோயின. மர வளையங்களை எண்ணும் ஆய்வுகூட அந்த மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். பழைய பலகையில் புதிய ஓவியம் தீட்ட எந்தத் தடையும் இல்லை. அந்த இடத்தில் நிறங்கள் உதவுகின்றன. பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது. டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுக்குரியது. மூலப் பனியிலேயே டைட்டானியம் இருந்தால் அது புரூகல் காலத்துப் பனியாக இருக்க வழியில்லை. பிற்காலத் திருத்தம் செய்த இடத்தில் மட்டும் இருந்தால் கதை வேறு; ஆகவே மாதிரி எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு, வீட்டிலேயே துடைத்துச் சுத்தம் செய்வது. இயற்கைப் பிசினால் ஆன வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பதால், வெண்பனி தேன்நிறமாகத் தெரிவதும் அதைப் பார்த்து உரிமையாளருக்குக் கை துறுதுறுப்பதும் இயல்பே. உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, சோப்பு நீர், சாராயம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், எதையும் செய்யாதீர்கள். பனிக்காட்சியில் இலையுதிர்ந்த மரங்களின் மயிரிழை போன்ற சிறுகிளைகளும், பனிக்கட்டியின்மேல் சறுக்குபவர்களும், பறவைகளும் வானத்தையும் பனியையும் தீட்டி முடித்த பிறகு பெரும்பாலும் கடைசியாக, மிக மெல்லிய பூச்சாக வரையப்பட்டவை. எனவே தேய்க்கும்போது முதலில் போவதும் அவையே. பிரதான கிளைகள் இருக்க, அவற்றின் நுனிகள் மட்டும் வானில் திடீரென்று முடிந்துவிடும் ஓவியம், முன்பே ஒருவர் அளவுக்குமீறித் துடைத்த ஓவியமாக இருக்கக்கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வானத்தின் சாம்பல்நிறம் எல்லாமே அழுக்கு அன்று. கோபால்ட் கண்ணாடியைப் பொடித்துச் செய்த ஸ்மால்ட் என்ற நீலநிறம் எண்ணெயில் காலப்போக்கில் வெளிறிச் சாம்பலாகிவிடும். அந்த நீலத்தை எந்தத் துடைப்பும் மீட்டுத் தராது. ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் புற ஊதா ஒளியில் பார்க்கச் சொன்னால், பழைய வார்னிஷ் பச்சை கலந்து ஒளிர்வதையும் பிற்காலத் திருத்தங்கள் கறுத்த திட்டுகளாகத் தெரிவதையும் காணலாம். அதன் பிறகே சுத்தம் தேவையா என்று முடிவெடுக்கலாம்.

மாட்டும் இடத்தில் சொல்ல அதிகமில்லை. கணப்பு அடுப்புக்கு மேலும், வெளிச்சுவரின் ஈரம் படும் இடத்திலும், நேர்வெயிலிலும் மாட்டக் கூடாது. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. ஓக் பலகை ஈரத்துக்கேற்ப இழைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும். வளைந்த பலகையை நேராக்குவதாக எண்ணிச் சட்டத்தில் ஆணியடித்து இறுக்கினால், நகர வழியின்றிப் பலகையே பிளக்கும். பழைய ஆணிகளை வல்லுநரைக் கொண்டு அகற்றி, பலகை சற்றே அசைய இடம்கொடுக்கும் நெகிழ்வான பிடிகளைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.