கச்சேரிப் பந்தலில் சக்கர நாற்காலிக்கு வழி

பெங்களூரில் ராமநவமி வந்தால் மல்லேஸ்வரம், அல்சூர் பக்கம் பந்தல் போடும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. தரையை அரை அடி உயர்த்திவிட்டு, ஏறுவதற்கு இரண்டடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். அது சாய்தளமே இல்லை. அந்தச் செங்குத்தில் சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

கணக்கு 1-க்கு 12. உயரம் 15 செ.மீ. என்றால் பலகையின் நீளம் 180 செ.மீ. அகலம் 120 செ.மீ. இருக்கட்டும். இரு ஓரமும் 5 செ.மீ. ரீப்பர் (நீள மரச்சட்டம்) அடித்தால் சக்கரம் நழுவாது. மேலே சிவப்புக் கம்பளம் விரிக்கும் ஆசை வேண்டாம். முன்சக்கரம் சிறியது, சுருக்கத்தில் சிக்கி நின்றுவிடும். பந்தல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே அளவை எழுதிக் கொடுங்கள். முதல் நாள் மாலை சொன்னால் கையில் இருக்கும் பலகைதான் வரும்.

உட்கார இடம்? நடு வரிசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டு, துணைக்கு வந்தவருக்குப் பக்கத்திலேயே ஒன்று விடுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் வேண்டாம்.

நடைபாதையில் மைக் ஒயர் குறுக்கே போனால் மேலே தூக்கிக் கட்டுங்கள். டேப் ஒட்டினால் இரண்டாம் நாளே பிய்ந்துவிடும். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வாசலில் ஒரு பேட்டரி விளக்கு போதும்.