பைட்டும் பதினறும எழுத்தும்: பைதனில் மாற்றும் வழி

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் தசம எண்ணைப் பதினறுமத்துக்கு (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) கையால் மாற்றிப் பழகியிருப்பார்கள். 147ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 3, விடை 93. பைதன் என்ற நிரல்மொழியில் எழுதும் செய்நிரலிலும் அதே கணக்குத்தான். ஆனால் பரீட்சைத்தாள் கேட்காத ஒரு நிபந்தனை இங்கே உண்டு: ஒரு பைட்டுக்கு (0 முதல் 255 வரையான ஓர் எண்) எப்போதும் இரண்டு எழுத்து. 5 என்ற பைட்டை 5 என்று எழுதக் கூடாது, 05 என்றுதான் எழுத வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு பூச்சியத்தை விட்டுவிடுவதால் வருபவை.

கட்டளைகளைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். 10 முதல் 15 வரையான பதினறும இலக்கங்களும் அப்படியே: ஏ, பி, சி, டி, இ, எஃப்.

பைட்டிலிருந்து எழுத்துக்கு

தரவு = பைட்ஸ்([37, 3, 20])
தரவு.ஹெக்ஸ்()

விடை 250314. ஒட்டி வந்தால் கண்ணுக்குச் சிரமம். பைதன் 3.8 முதல் அடைப்புக்குள் ஒரு பிரிப்புக் குறி கொடுக்கலாம்:

தரவு.ஹெக்ஸ்(' ')

இப்போது 25 03 14 என்று வரும். ஹெக்ஸ் என்ற இந்த வழிமுறையே 3.5இல்தான் பைட்ஸ் வகைக்கு வந்தது. அதற்கு முந்திய பதிப்பு இன்னும் ஓடும் கணினிகளில் பின்ஆஸ்கி என்ற கூறின் ஹெக்ஸ்லிஃபை வேலையை முடித்துத் தரும். அதன் விடையும் பைட்ஸ் வகையாகவே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பதிலாக, மடக்கு (லூப்) ஒன்று எழுதி, ஒவ்வொரு எண்ணையும் ஹெக்ஸ்(எண்) என்ற பொதுக் கட்டளைக்குக் கொடுத்து, முன்னால் வரும் 0எக்ஸ் என்ற இரண்டு எழுத்தை வெட்டி ஒட்டுவோர் பலர். மேலே உள்ள மூன்று பைட்டும் அப்போது 25314 ஆகிவிடும். ஐந்து எழுத்து, ஒற்றை எண்ணிக்கை. திருப்பி மாற்றும்போது பைதன் மறுத்துவிடும், பிழையும் அகப்படும். அகப்படாத பிழைதான் ஆபத்து. 2, 5 என்ற இரண்டு பைட்டை இப்படி ஒட்டினால் 25 வரும். அதைத் திருப்பினால் 37 என்ற ஒரே பைட்டுத்தான் கிடைக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தரவு மட்டும் கெட்டிருக்கும். மடக்கு எழுதியே ஆகவேண்டுமென்றால் ஃபார்மட் கட்டளைக்கு எண்ணுடன் '02எக்ஸ்' என்ற வடிவத்தைக் கொடுங்கள். இரண்டு இடம், வெற்றிடத்தில் பூச்சியம் என்பது அதன் பொருள்.

இன்னொரு குழப்பம்: பைட்ஸ் ஒன்றை அப்படியே பிரிண்ட் செய்தால், எழுத்தாகக் காட்டக்கூடிய பைட்டுகளைப் பைதன் எழுத்தாகவே காட்டும். 37 விழுக்காட்டுக் குறியாகத் தெரியும், 3உம் 20உம் சாய்கோட்டுடன் வரும். தரவு கெடவில்லை, காட்டும் முறை அப்படி. அந்தத் தோற்றத்தைப் பிரதியெடுத்துக் கோப்பில் சேமித்து வைக்காதீர்கள்.

எழுத்திலிருந்து பைட்டுக்கு

பைட்ஸ்.ஃப்ரம்ஹெக்ஸ்('25 03 14')

பேரெழுத்தா சிற்றெழுத்தா என்று இது பார்ப்பதில்லை. பைட்டுக்கும் பைட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கலாம். ஒரு பைட்டின் இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கக் கூடாது. வரி முடிவும் தாவலும் 3.7 முதல் ஏற்கப்படுகின்றன.

ஏற்காதவை: முன்னால் நிற்கும் 0எக்ஸ், முக்காற்புள்ளி, காற்புள்ளி, கோடு. ரீபிளேஸ் கொண்டு முதலில் அவற்றை நீக்குங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ பிரதியெடுத்த வரியில் சாதாரண இடைவெளி போலத் தோன்றும் வேறொரு குறி ஒளிந்திருப்பதுண்டு. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்க ஃப்ரம்ஹெக்ஸ் மட்டும் மறுக்கிறதென்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பிழைச் செய்தி எத்தனையாவது இடம் என்று எண் தந்தால், பூச்சியத்திலிருந்து எண்ணி அந்த இடத்தைப் பாருங்கள்.

இரண்டு பதினறும வரிகள் ஒன்றா என்று சோதிப்பதானால் இரண்டையும் பைட்டாக்கி ஒப்பிடுங்கள். எழுத்தாகவே ஒப்பிட்டால் ஒன்றில் பேரெழுத்தும் மற்றதில் சிற்றெழுத்தும் இருப்பதாலேயே வேறு என்று விடை வரும்.

தமிழ் உரையைப் பார்க்கும்போது

நம் பக்கத்தில் இந்த மாற்றம் அதிகம் கைகொடுப்பது இங்கேதான். 'மட்டக்களப்பு' என்ற சொல்லை என்கோட்('யுடிஎஃப்-8') கொடுத்துப் பைட்டாக்குங்கள். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தைப் பைட்டாக எழுதும் முறைதான் யுடிஎஃப்-8. நாம் வாசிக்கும் எழுத்து எட்டு. ஒருங்குறியில் அது 12 குறி. மெய்ப்புள்ளி மூன்றும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக 36 பைட்டு, 72 பதினறும எழுத்து. முதல் எழுத்தான ம இப்படி நிற்கும்: இ0 ஏஇ ஏஇ. யுடிஎஃப்-8இல் எந்தத் தமிழ்க் குறியும் இ0 ஏஇ அல்லது இ0 ஏஎஃப் என்றுதான் தொடங்கும். இதை மனதில் வைத்திருந்தால் ஒரு கோப்பின் முதல் வரியைப் பார்த்தே உள்ளே இருப்பது ஒருங்குறித் தமிழா என்று சொல்லிவிடலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் பழைய ஆவணங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்தின் பைட்டுகளையே தமிழ் வடிவமாகக் காட்டும் எழுத்துரு அது. அதே ஊர்ப்பெயர் பாமினியில் வெறும் 11 பைட்டு:

6பி 6சி 3பி 6சி 66 3பி 66 73 67 3பி 47

3பி மூன்று தடவை வருவதைக் கவனியுங்கள். அது ஆங்கில அரைப்புள்ளி. பாமினியில் மெய்ப்புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. கோப்பெங்கும் 3பி அடிக்கடி வந்து, இ0 எங்கும் இல்லையென்றால் அது பாமினியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு டிகோட் செய்து பயனில்லை. குறிக்குக் குறி மாற்றும் அட்டவணை வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டப்பட்டிருப்பதால் வரிசையையும் மாற்ற வேண்டிவரும்.

ஒருங்குறியிலேயே ஒரு பொறி உண்டு. கொக்கட்டிச்சோலை என்ற பெயரில் வரும் ஒகரக் குறியும் ஓகாரக் குறியும் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. முதல் வகையில் அந்தப் பெயர் 45 பைட்டு, இரண்டாவதில் 51. பட்டியலில் தேடினால் அகப்படாத பெயர் கண்முன்னே இருக்கிறதென்றால் இரண்டையும் பதினறுமமாக்கிப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். யூனிகோட்டேட்டா கூறின் நார்மலைஸ் கட்டளைக்கு 'என்எஃப்சி' என்று பேரெழுத்தில் கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவமாகும்.

கோப்பைத் திறக்கும்போது 'ஆர்பி' என்ற முறையில் திறவுங்கள். உரையாகத் திறந்தால் உங்கள் கண்ணில் படுமுன் பைதன் அதை எழுத்தாக்க முயலும். ஆங்கில விண்டோஸ் கணினியில் 8டி என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்று வரும் பிழை இதனால்தான். மெய்ப்புள்ளி யுடிஎஃப்-8இல் இ0 ஏஎஃப் 8டி. விண்டோஸின் 1252 குறியீட்டில் 8டிக்கு எழுத்தே இல்லை. உரையாகத்தான் வேண்டுமென்றால் ஓபன் கட்டளையில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எண்களைக் கொண்ட பைட்டுகள்

உன்னிச்சைக் குளத்தில் நீர்மட்டம் அளக்கும் உணரி ஒன்றை வைத்திருக்கிறீர்கள், அது இரண்டு பைட்டில் மில்லிமீட்டர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தரவு என்பதில் வந்தது, பதினறுமத்தில், 03 20.

இன்ட்.ஃப்ரம்_பைட்ஸ்(தரவு, 'பிக்')

விடை 800. 'பிக்' என்றால் பெரிய பெறுமானமுள்ள பைட்டு முதலில். அந்த இடத்தில் 'லிட்டில்' என்று போட்டால் அதே இரண்டு பைட்டும் 8195 ஆகும். எது சரி என்று பைட்டைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. உணரியின் கையேட்டில்தான் இருக்கும். கையேடு இல்லாவிட்டால் உணரியை அளவு தெரிந்த நீரில் வைத்து, எந்த விடை பொருந்துகிறது என்று பாருங்கள். 800 மில்லிமீட்டர் ஆழத்தில் 8195 வராது.

திருப்பி அனுப்ப, எண்ணுக்குப் பின்னால் டு_பைட்ஸ்(2, 'பிக்') போடுங்கள். இரண்டு பைட்டுக்குள் 65535 வரைதான் கொள்ளும். மிஞ்சினால் பிழை வரும். கழித்தல் எண் வரக்கூடிய வெப்பநிலை போன்றவற்றுக்கு, அனுப்பும்போதும் வாங்கும்போதும் சைன்ட் என்பதை ட்ரூ (முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து) ஆக்குங்கள். வாங்கும்போது மறந்தால், பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகை 65535 ஆகத் தெரியும்.

சேமிப்பதென்றால் பைட்டாகவே சேமியுங்கள். பதினறும எழுத்து இடத்தை இரண்டு மடங்காக்கும், நடுவே இடைவெளியும் சேர்ந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பார்ப்பதற்கும், தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துச் சொல்வதற்கும், பிழை தேடுவதற்கும் மட்டும் எழுத்தாக்கினால் போதும்.