பிரெஞ்சு டிஃபென்ஸ்: சறுக்குவது எங்கே?

சதுரங்கத்தில் கறுப்பு ஆடும் ஒரு தொடக்கம் இது: 1.இ4 இ6 2.டி4 டி5 (முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்து கறுப்பின் பதில்; எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்). பாரிஸ் அணி லண்டனுடன் 1834-இல் தொடங்கிய தபால்வழி ஆட்டத்தில் இதை ஆடியதால் வந்த பெயர்தான் பிரெஞ்சு டிஃபென்ஸ். முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக்கும் கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாயும் நம்பி ஆடிய தற்காப்பு இது. நகர்த்தல்களை மனப்பாடம் செய்துவிட்டு இதில் இறங்குபவர்கள்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள்.

வெள்ளை 3.இ5 என்று முன்னேறியதும் பலருக்குக் கண் அந்த இ5 சிப்பாய் மீதே போகும். உடனே எஃப்6. அது அவசரம்: வெள்ளை பிஷப் டி3-க்கு வந்தால் அடுத்து ராணி எச்5-இல் செக் கொடுக்கப் பார்க்கும், கறுப்பின் ராஜா பக்கம் ஓட்டையாகிவிடும். இ5-ஐத் தாங்கி நிற்பது டி4. முதலில் சி5 ஆடி அதைத் தாக்க வேண்டும். எஃப்6-க்கும் நேரம் வரும், காய்கள் வெளியே வந்த பிறகு.

டி4-ஐக் குறிவைத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 3...சி5 (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்) 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6 6.பிஷப் டி3. இப்போது சி சிப்பாய்கள் டி4-இல் வெட்டிக்கொள்கின்றன. வெள்ளை ராணியின் வழியைச் சொந்த பிஷப்பே மறிப்பதால் டி4 இலவசம்போலத் தெரியும். குதிரையால் வெட்டினால் குதிரை வெட்டும், ராணியால் திருப்பி வெட்டுவீர்கள். அப்புறம் பிஷப் பி5, செக்! விலகிய பிஷப்புக்குப் பின்னால் இருந்த வெள்ளை ராணி உங்கள் ராணியை எடுத்துவிடும். 7...பிஷப் டி7 என்று முதலில் ஆடிவிட்டால் அந்த செக் பலிக்காது.

இன்னொரு பழக்கம், சி4 என்று தள்ளி மூடிவிடுவது. பிஷப்பைத் துரத்திய திருப்தி கிடைக்கும்; ஆனால் டி4 மீதிருந்த அழுத்தம் போய்விடும், வெள்ளை நிம்மதியாக ராஜா பக்கம் படை திரட்டும். விதிவிலக்கு உண்டு: 6.ஏ3 ஆடியிருந்தால் பி3 கட்டம் பலவீனமாகிறது, அப்போது 6...சி4 நல்ல நகர்த்தல்தான்.

சி8 பிஷப்பைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், செய்வது குறைவு. இ6, டி5 சிப்பாய்களுக்குப் பின்னால் அது அடைபட்டே கிடந்தால், குதிரைக்கு எதிரான இறுதியாட்டத்தில் தவிக்க வேண்டியதுதான். டி7 வழியாக பி5-க்கோ, பி6 ஆடி ஏ6-க்கோ கொண்டுபோய் வெள்ளையின் டி3 பிஷப்புடன் மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

அவசர கேஸ்லிங்கும் (ராஜாவை யானையோடு சேர்த்து நகர்த்தி ஓரமாகப் பாதுகாப்பது) ஆபத்து. இ5 சிப்பாய் எஃப்6-இல் குதிரையை நிற்க விடாது. எச்7-க்குக் காவல் குறையும். வெள்ளை பிஷப் அங்கே பலியாக விழுந்து, குதிரை ஜி5-க்கும் ராணி எச்5-க்கும் வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

வெள்ளை 3.இxடி5 என்று வெட்டினால் நிலைமையே வேறு. சி8 பிஷப்புக்கு வழி தானாகத் திறக்கிறது. தாக்குவதற்கு இ5 சிப்பாயும் இல்லை. அங்கேயும் பழக்கதோஷத்தில் சி5 ஆடினால், வெள்ளை அதை வெட்டியதும் உங்கள் டி5 பக்கத்தில் துணைச் சிப்பாய் இல்லாத தனிச் சிப்பாயாக நிற்கும். தெரிந்தே அதை ஏற்று ஆடுபவர்கள் உண்டு, அவர்களுக்குப் பதிலாகக் காய்களின் சுறுசுறுப்பு கிடைக்கிறது. தெரியாமல் ஆடினால் அந்தச் சிப்பாயைக் காப்பதிலேயே ஆட்டம் போய்விடும்.