பண்டைய கிரேக்கரைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தது யார் என்று கேட்டால், மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தவர்களில் பலர் ஏதோ ஒரு கொடுங்கோல் மன்னனைக் கைகாட்டுவார்கள். கி.மு. 399இல் ஏதென்ஸை ஆண்ட மன்னன் என்று எவனும் கிடையாது. தீர்ப்பு சொன்னவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 குடிமக்கள். வழக்குத் தொடுத்தவர்களும் மெலீட்டஸ், அனிட்டஸ், லைக்கன் என்ற மூன்று குடிமக்கள்தான். இன்னும் முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் சாக்ரடீஸ் விடுதலையாகியிருப்பார் என்கிறது அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிவைத்த கணக்கு. அவரைக் கொன்றது மக்களாட்சி. மேடைக்கு வசதியாக இல்லை என்பதற்காக இதை மாற்றிச் சொல்வது முதல் தவறு.

இரண்டாவது தவறு, அவர் சிந்தித்ததற்காக மட்டுமே கொல்லப்பட்டார் என்பது. வழக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்றிருந்தது. வென்றவர்களின் தயவில் முப்பது பேர் கொண்ட ஒரு கும்பல் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றது. அதன் தலைவன் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவன். போரின் நடுவில் எதிரியின் பக்கம் தாவிய ஆல்சிபியாடீஸும் அப்படியே. கி.மு. 403இல் மக்களாட்சி திரும்பியபோது பழைய அரசியல் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஆகவே அந்தக் கோபத்தை நேராக வழக்காக்க வழியில்லை. ஊர்த் தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைப் புகுத்தினார், இளைஞர்களைக் கெடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. இதே சாக்ரடீஸ்தான் அந்த முப்பதின்மர் லியோன் என்பவரைக் கைது செய்து வரச் சொன்னபோது, செய்ய மறுத்து வீட்டுக்குப் போனவர். தீர்ப்பை நியாயப்படுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. தோற்றுப்போன ஓர் ஊரின் பயம் தெரியாமல் அந்த வழக்கு புரியாது.

அவரைக் கடவுள் மறுப்பாளராக்குவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சிறு வயது முதலே ஒரு தெய்வக் குரல் தன்னைத் தடுத்து எச்சரிக்கிறது என்று நீதிமன்றத்திலேயே சொன்னவர் அவர். சாகும்போது கடைசியாகச் சொன்னதும் மருத்துவத் தெய்வமான அஸ்கிலீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் செலுத்துங்கள் என்பதுதான். ‘உன்னையே நீ அறிவாய்’ என்பதும் அவர் உருவாக்கிய வாசகம் அல்ல. டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலில் பொறித்திருந்தது. மேலும், அவர் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது பிளேட்டோவும் செனபோனும் பக்தியோடு எழுதியது, நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸ் மேடையில் ஏற்றிக் கிண்டல் செய்தது. ‘சாக்ரடீஸ் சொன்னார்’ என்று படத்துடன் சுற்றும் பொன்மொழிகளை நான் முதலில் சந்தேகப்படுவது இதனால்தான்.

மக்களாட்சி என்றாலே தேர்தல் என்று நினைத்துக்கொண்டு ஏதென்ஸைப் பார்ப்பவர்களும் தடுமாறுவார்கள். அங்கே படைத்தளபதிகள் பத்துப் பேரைத்தான் முக்கியமாகத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்நூறு பேர் கொண்ட ஆட்சிக்குழு, பெரும்பாலான அலுவலர்கள், நீதிமன்ற நடுவர்கள் எல்லாம் குலுக்கல்தான். தேர்தல் வைத்தால் செல்வாக்குள்ளவர்களே வருவார்கள், குலுக்கலே மக்களாட்சிக்கு உரியது என்பது அக்காலக் கருத்து; அரிஸ்டாட்டிலும் அதைப் பதிவு செய்கிறார். அந்தக் குலுக்கலில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை. ஏதென்ஸின் கடற்படைக்குக் காசு கொடுத்த லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். இதைச் சொல்லாமல் புகழ்வதும், இதை மட்டுமே சொல்லி மற்றதைப் புறந்தள்ளுவதும் ஒரே அளவு சோம்பேறித்தனம்.

அடுத்து, ‘கிரேக்கர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று தொடங்கும் வாக்கியம். எந்த ஊர்க் கிரேக்கர்? எந்த நூற்றாண்டில்? அக்காலத்தில் கிரேக்கம் என்றொரு நாடு இல்லை. தனித்தனிச் சட்டம், நாட்காட்டி, நாணயம் வைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான ஊரரசுகள் இருந்தன. இன்றைய பிரான்சின் மார்சேய், சிசிலியின் சிரக்கியூஸ், துருக்கிக் கரையின் மிலீட்டஸ் எல்லாம் கிரேக்க ஊர்களே. ஏதென்ஸின் பார்த்தனன் கோயில் எழுந்தது கி.மு. 447 முதல் 432 வரை. இன்னும் பழைய கிரேக்க நாகரிகமான மைசீனியின் அரண்மனைகள் அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்தின் கிளியோபாட்ரா அதற்கு நானூறு ஆண்டுகள் பிந்தியவள். இவர்களை எல்லாம் ஒரே மேடையில் நிறுத்தினால் எதுவும் சரியாக வராது.

பாரசீகப் படையை எதிர்த்துத் தெர்மோபிலி கணவாயில் (கி.மு. 480) ஸ்பார்ட்டாவின் முந்நூறு பேர் மட்டும் நின்றார்கள் என்பதும் ஓர் ஊரை மட்டும் பார்த்ததால் வந்த பிழை. பல ஊர்களிலிருந்து சில ஆயிரம் பேர் கணவாய்க்கு வந்திருந்தார்கள். கடைசி நாளன்றும் தெஸ்பியா என்ற சிறிய ஊரின் 700 பேர் ஸ்பார்ட்டர்களோடு நின்று மடிந்தார்கள். அவர்களுக்குப் படம் எடுக்க யாருமில்லை. ஸ்பார்ட்டாவின் வீரத்தை மெச்சுகிறவர்கள், அந்த வீரர்கள் முழுநேரமும் பயிற்சி செய்ய யார் உழுது சோறு போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். ஹெலட்டுகள் என்ற அடிமைப்பட்ட உழவர்கள் எண்ணிக்கையில் எசமானர்களைவிடப் பல மடங்கு. வலுவற்ற குழந்தைகளை ஸ்பார்ட்டர்கள் ஒதுக்கிப் போட்டார்கள் என்ற பிரபலமான செய்தியைச் சொல்கிறவர் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க். அவர் காலமோ பல நூற்றாண்டுகள் பிந்தி, கி.பி. 100ஐ ஒட்டியது.

தாமதமாகச் சொன்னவர்களின் கைவரிசை வேறு இடங்களிலும் உண்டு. டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட், டிராய் வீரன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிந்துவிடுகிறது; மரக்குதிரை அதில் இல்லை. ஒடிசியில் அது வருகிறது, விரிவாகச் சொல்பவர் ரோமக் கவிஞர் வெர்ஜில். மாரத்தான் ஓட்டமும் அப்படித்தான். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் தூதன் மாரத்தான் போருக்கு முன் ஏதென்ஸிலிருந்து உதவி கேட்டு ஸ்பார்ட்டா வரை, சுமார் 240 கிலோமீட்டர், ஓடுகிறான். வெற்றிச் செய்தியை ஏதென்ஸில் சொல்லிவிட்டு விழுந்து இறந்தவனின் கதை நமக்குக் கிடைக்கும் எழுத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் வருகிறது. ஒலிம்பிக் தீபத்தைக் கைமாற்றி ஓடுவது 1936 பெர்லினில் தொடங்கியது. பண்டைய ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் கிடையாது. ஆலிவ் இலைக் கிரீடம்தான்.

கிரேக்கச் சிற்பம் என்றால் தூய வெள்ளைப் பளிங்கு என்பது கண்ணில் படிந்துவிட்ட தவறு. அவற்றுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் பூசியிருந்தார்கள்; மண்ணுக்குள் கிடந்ததிலும் பிற்காலத்தவர் சுரண்டித் துடைத்ததிலும் வண்ணம் போனது. நாம் பார்க்கும் பளிங்குச் சிலைகளில் பல, வெண்கல மூலத்தைப் பார்த்து ரோமர் காலத்தில் செய்த நகல்கள். மைரனின் வட்டெறிபவன் சிலையும் அவ்வகையே. மூலங்களில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். கடலுக்குள் மூழ்கியும் மண்ணில் புதைந்தும் சில தப்பின. 1972இல் இத்தாலியின் ரியாச்சே கரையருகே கடலில் இரண்டு கிடைத்தன.

நமக்கே உரிய ஒரு தவறும் உண்டு. சங்கப் பாடல்களின் யவனரைப் படித்ததும், பிளேட்டோவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் இறங்கியதுபோல எழுதிவிடுகிறார்கள். அகநானூற்றின் 149ஆம் பாடலில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் கலங்களின் காலத்தில் ஏதென்ஸ் ரோமப் பேரரசுக்கு உட்பட்ட ஓர் ஊர். வந்த வணிகர்களில் பலர் எகிப்திலிருந்து புறப்பட்ட, கிரேக்கம் பேசிய ரோமக் குடிகள். வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் ஆவணம் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பும், அதில் கால் பங்கை ரோம அரசு சுங்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கும்.