நகரத்தின் கோல்ஃப் மைதானம் நிறுவனத்திடம் போகிறதா? கூட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

நிறுவனம் காட்டும் வண்ணப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, குத்தகை வரைவை வாங்கிப் படியுங்கள். மயாமியின் மெல்ரீஸ் மைதானம் நல்ல பாடம். 131 ஏக்கர் நகர நிலம். அங்கே கால்பந்து அரங்கம் கட்ட வந்த நிறுவனத்தோடு, ஏலம் விடாமல் நகரம் நேரடியாகப் பேச 2018-இல் வாக்காளர்கள் இசைந்தார்கள். 2022-இல் நகர ஆணையம் 99 ஆண்டுக் குத்தகையை 4-1 என ஏற்றது.

முதலில் மண்ணைப் பாருங்கள். அங்கே பழைய குப்பை எரிப்பு ஆலையின் சாம்பல் ஆர்சனிக் என்ற நச்சோடு புதைந்திருந்தது. சுத்தம் செய்யும் செலவு யாருடையது, அதற்கு உச்சவரம்பு உண்டா, வாடகையில் கழித்துக்கொள்வார்களா? எழுத்தில் கேளுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நில மதிப்பீடு கோல்ஃபுக்கா, கடைகளுக்கும் ஹோட்டலுக்குமா? வாடகையே மாறிவிடும். மெல்ரீஸில் சொன்னதுபோல் பூங்காவுக்கு 58 ஏக்கர் என்றால், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன அபராதம்?

கூட்டத்தில் பேச ஓரிரு நிமிடமே கிடைக்கும். ஆளுக்கொரு ஷரத்தாகப் பிரித்து, பக்க எண்ணோடு பேசுங்கள்.