பூநாரைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது? இராமநாதபுரக் கடற்கரைக்குக் கேமராவுடன் வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவுகளில் பெரும்பாலோர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வருகிறார்கள். இராமேசுவரத்தில் தீர்த்தமாடிய கையோடு தனுஷ்கோடிக்குச் சென்று, பூநாரை (ஃபிளமிங்கோ) ஒன்றைக்கூடக் காணவில்லையே என்று சலித்துக்கொள்பவர்களும் அவர்களே. அந்த மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கேமராவை வெளியே எடுக்கவே மனம் வராது. பறவைகளுக்காகவே வருவதென்றால், வாடை மழை ஓய்ந்த பிறகு, தை, மாசி மாதங்களில் வாருங்கள்.

மதுரை விமான நிலையத்திலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 170 கி.மீ. அங்கிருந்து தனுஷ்கோடிச் சாலையில் சென்றால், ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியான முன்னதைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் பின்னதை ஆண் கடல் என்றும் உள்ளூரார் சொல்வார்கள். எல்லோரும் வண்டியை நேரே சாலை முடியும் அரிச்சல்முனைக்கு விரட்டுகிறார்கள். பறவை பார்க்க வந்தவர், வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற உப்பு நீர்ப் பரப்பில் இறங்கிக்கொள்வதே நல்லது. தனுஷ்கோடியின் இந்தச் சதுப்பு நிலங்களில் ஏறத்தாழ 525 எக்டேரை 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

எவ்வளவு அருகில் போகலாம் என்பதை அடிக்கணக்கில் சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். இரை தேடும் பூநாரை கழுத்தைத் தாழ்த்தி, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, கால்களால் சேற்றைக் கிளறியபடி மெல்ல நகரும். முதலில் ஒன்றிரண்டு தலைகள் நிமிரும். பிறகு கூட்டம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். முதல் தலை நிமிர்ந்ததுமே நீங்கள் நின்றுவிட வேண்டும். கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டால், சில அடிகள் பின்வாங்கித் தரையில் அமர்ந்துவிடுவது நல்லது. பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டியும் கல்லெறிந்தும் கிளப்பிவிடுவோரைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. அவ்வாறு கிளம்பிய கூட்டம் அன்று முழுவதும் அந்தப் பக்கம் திரும்பாமல் போவதும் உண்டு. முதன்முறை நானும் அவசரப்பட்டுச் சேற்றில் இறங்கியவன்தான். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "கிட்டப் போனா கெளம்பிரும் தம்பி, சும்மா ஒக்காருங்க, அதுவே வரும்" என்றார். உடைமர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னபடியே, மேய்ந்துகொண்டே அவை என் பக்கமாக நகர்ந்து வந்தன.

காலை ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் எழத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தொலைவிலுள்ள பறவை கலங்கலாகவே பதியும். ஆகவே விடிந்ததும் கிளம்புங்கள். 400 மி.மீ. லென்ஸ் இல்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டாம். நல்ல பைனாகுலர் ஒன்று இருந்தால் ஆலா, உப்புக்கொத்தி போன்ற கடற்கரைப் பறவைகளையும் நிதானமாகப் பார்த்து மகிழலாம். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால், கடற்கரையின் ஈரக் காற்றில் லென்ஸ் முழுவதும் பனி படர்ந்துவிடும். இவ்வகையில் ஒரு விடியல் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். திறந்த மணலில் லென்ஸை மாற்றவே கூடாது.

கடலோடு நிறுத்திக்கொள்ளாமல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்களுக்கும் சென்று வாருங்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூடு கட்டும். கரையிலிருந்து பார்ப்பதே முறை. கூட்டுக்கு அருகில் போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் வாடும். தொண்டிக்கு அருகே காரங்காட்டில், அலையாத்திக் காட்டினூடே வனத்துறை ஏற்பாட்டில் படகில் சென்று வரலாம். வயதான பெற்றோருடன் வருபவர்களுக்கு இதுவே வசதியானது.

சில தடைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது, படகுக்காரர் அழைத்தாலும் அன்பாக மறுத்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: 2022 பிப்ரவரி முதல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை உள்ளது, இதுவோ பாதுகாப்புப் படைகள் கண்காணிக்கும் எல்லைக் கடற்கரை. உச்சிப்புளிக் கடற்படை விமானத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவும் வேண்டாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டை நினைவுப் பொருளென்று பெட்டியில் வைப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருபவர்கள், தனுஷ்கோடியில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் நாள் எது என்று வனத்துறையினரிடம் விசாரித்துப் பாருங்கள். அங்கே பிளாஷ் போடக் கூடாது. குஞ்சுகள் செல்லும் தடத்திற்குப் பின்னால் ஒரே இடத்தில் நில்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சுக்கு, ஈர மணலில் நாம் பதித்த காலடிப் பள்ளமே ஏறி மீள முடியாத குழியாகிவிடும்.